செம்பு ஊரும் நம்ம தனுஷ்கோடியும்

பாம்பன் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இன்றைக்கு அலாஸ்காவில் இருக்கும் கென்னக்காட் என்ற சுரங்க ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். சுற்றிலும் மலை, பக்கத்திலேயே பனியாறு, அப்புறம் ஆளே இல்லாத காடு. பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் சிரிக்கிறார். ரயில் பாலம்தான் சம்பந்தம், அண்ணே.

1900-இல் மலைச்சரிவில் பச்சையாக ஏதோ தெரிய, குதிரைக்குப் புல் கிடைத்தது என்று இரண்டு பேர் ஏறினார்களாம். பார்த்தால் செம்புத் தாது. அதை கார்டோவா துறைமுகத்துக்குக் கொண்டுவர 196 மைல் தண்டவாளம் போட்டார்கள். 1911-இல் முடிந்தது, நம் பாம்பன் பாலம் திறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். அந்த ரயில் வழியில் சிட்டினா என்ற ஊரில் இருந்த மரப்பாலத்தை வருஷா வருஷம் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து வந்து அடித்துப் போகும். திரும்பவும் கட்டுவார்கள். செம்பு அவ்வளவு லாபம்!

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை எல்லாமே கம்பெனியுடையது. குடிக்கத் தடை. அதனால் ஐந்து மைல் தள்ளி மெக்கார்த்தி என்று இன்னொரு ஊர் முளைத்தது. எதற்கு முளைத்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

நல்ல தாது தீர்ந்தது. 1938 நவம்பரில் கடைசி ரயில் கிளம்பியது, ஊரும் அதிலேயே ஏறிப் போய்விட்டது. சிவப்புச் சாயம் அடித்த பதினாலு மாடி ஆலை மட்டும் மலையில் நிற்கிறது.

1964 மார்ச்சில் அங்கே பெரிய பூகம்பம். காப்பர் ஆற்றின் மேல் அந்த ரயிலுக்காகக் கட்டிய இரும்புப் பாலத்தின் ஒரு முனை தூணிலிருந்து சரிந்து விழுந்தது. அதே வருஷம் டிசம்பரில் வந்த புயலில் நமக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை.

தனுஷ்கோடியை வாழத் தகாத ஊர் என்று அரசாங்கமே அறிவித்தது. ஆனாலும் நம் ஆட்கள் ஓலைக் குடிசை போட்டு அங்கேயே வலை இழுத்தார்கள். கென்னக்காட்டுக்கு அப்படித் திரும்பிப் போக யாருக்கு என்ன இருந்தது? வீடு கம்பெனியுடையது, மலைக்குள் இருந்ததும் கம்பெனியுடையது.

கார்டோவா மட்டும் இன்னும் இருக்கிறது. அங்கே இப்போது ரயில் கிடையாது. சால்மன் மீன் பிடிக்கிறார்கள்.