வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருடங்களுக்கு மேல் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். உறைய வைத்தால் உயிருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டபோது, மருந்தகத்து மூலையில் நிற்கும் நைட்ரஜன் கண்டெய்னர்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பால் கேன் மாதிரி இருக்கும், கழுத்து மட்டும் குறுகல். மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை வழியும். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் தெரியாது. ஒரு அளவுகோலை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டுவோம். திரவத்தில் முங்கிய இடம் வரைக்கும் கோலில் வெள்ளையாகப் பனி படியும். அதுதான் கணக்கு.

அந்தத் திரவத்துக்குள் காளையின் விந்தை நிரப்பி உறைய வைத்த உறைவிந்துக் குச்சிகள் கிடக்கும். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவை விட மெல்லிசு. ஒரு குச்சியில் கால் மில்லிலிட்டர், அதற்குள் சுமார் 2 கோடி உயிரணுக்கள். அந்தக் குளிரில் எந்த வேதிவினையும் நடக்காது. ஒரு வருடம் ஆனாலும் முப்பது வருடம் ஆனாலும் அவற்றுக்கு ஒன்றுதான். காளை செத்துப் பல வருடம் கழித்து அதன் கன்று பிறக்கிறது என்றால் இதனால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு கிராமம். ஒரு பாட்டியம்மாவிடம் ஒரே ஒரு கறவை மாடு. குச்சியில் இருக்கும் விந்தை உருக்கிச் செலுத்தி, அதாவது சினை ஊசி போட்டு அனுப்பினேன். இருபத்தியொரு நாள் கழித்து வந்தார்கள். "மறுக்காப் பருவத்துக்கு வந்துருச்சுங்க டாக்டரு." சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். மறுபடியும் போட்டேன். மறுபடியும் வந்தார்கள். தாது உப்பு கொடுங்கள், தீவனத்தை மாற்றுங்கள் என்று மாட்டின் மேலேயே குறை சொல்லி அனுப்பினேன். மூன்றாவது தடவை நான் குச்சி எடுப்பதை எங்கள் கால்நடை ஆய்வாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னை விட இருபது வயது மூத்தவர். குச்சிகள் இருக்கும் குவளையை முழுசாக வெளியே தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, குச்சியில் அச்சடித்திருந்த காளை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "கழுத்துக்கு மேல தூக்காதீங்க சார். நீங்க நம்பரைப் படிக்கிறதுக்குள்ள எல்லாம் செத்துப்போயிரும்."

எனக்கு அது புரியவில்லை. குச்சி இன்னும் கல் மாதிரி உறைந்துதானே இருக்கிறது? உருகவே இல்லையே, அதற்குள் எப்படிச் சாகும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் உறைநிலை அறிவியலில் பாதி தெரிந்த மாதிரி.

சின்ன வயதில் எல்லோரும் குச்சி ஐஸ் சாப்பிட்டிருக்கிறோம். நாலு தடவை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் வாய்க்குள் வந்துவிடும். கையில் மிஞ்சுவது வெள்ளை வெளேரென்ற சப்பைக் கட்டி. ஏனென்றால் தண்ணீர் உறையும்போது தண்ணீரை மட்டுமே சேர்த்துக்கொண்டு கட்டியாகும். சர்க்கரை, சாயம், உப்பு எதையும் தன் அடுக்குக்குள் விடாது, வெளியே தள்ளிவிடும். ஒரு செல்லைச் சுற்றியிருக்கும் தண்ணீர் உறையும்போதும் இதுவே நடக்கிறது. ஐஸ் பெருகப் பெருக, மீதியிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்புக் கரைசல் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் சுருங்குகிற மாதிரி செல் வதங்கிப்போகும். ஆக, மெதுவாக உறைய வைத்தால் உப்பு கொன்றுவிடும்.

சரி, வேகமாக உறைய வைத்தால்? தண்ணீருக்கு வெளியேற நேரம் கிடைக்காது. செல்லுக்குள்ளேயே ஐஸ் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் அந்த செல் அநேகமாகப் பிழைக்காது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் மேசர் 1970களின் தொடக்கத்தில் இந்த இரண்டு சாவையும் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒவ்வொரு வகை செல்லுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு. பெரும்பாலான செல்களுக்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் இறக்கினால் ஒத்துக்கொள்ளும். இரத்தச் சிவப்பணுவிலிருந்து தண்ணீர் சட்டென்று வெளியேறிவிடும், அதனால் அதை மிக வேகமாக இறக்கலாம்.

ஐஸ் பிடிப்பதற்கு முன்னாலேயே ஒரு கண்டம் இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோய்க் கிடக்குமே, அதே மாதிரி செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வும் குளிரில் இறுகும். காளையின் விந்தைச் சட்டென்று 5 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஒரு பொட்டு ஐஸ் இல்லாமலே அணுக்கள் செத்துவிடும். இதைத் தடுக்க முட்டையின் மஞ்சள் கரு கலக்கிறார்கள். ஆமாம், சாதாரணக் கோழிமுட்டை மஞ்சள் கருதான்.

அடுத்து கிளிசரால். இது கிடைத்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1940களின் கடைசியில் லண்டன் மில் ஹில்லில் இருந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஆலன் பார்க்ஸ், ஆட்ரி ஸ்மித், கிறிஸ்டோபர் போல்ஜ் மூவரும் சேவலின் விந்தை உறைய வைக்கப் பாடுபட்டார்கள். பழச்சர்க்கரைக் கரைசல் காப்பாற்றும் என்று நினைத்தார்கள், காப்பாற்றவில்லை. மிச்சக் கரைசலைக் குளிர் அறையில் வைத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அதே பாட்டிலை எடுத்துச் செய்தால், உருக்கியதும் அணுக்கள் நீந்துகின்றன! புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துப் பார்த்தார்கள், பழையபடி எல்லாம் செத்துப்போயின. அந்தப் பழைய பாட்டிலில் மட்டும் ஏதோ இருக்கிறது. அடியில் கிடந்த கொஞ்சத்தை வேதியியலாளரிடம் கொடுத்துச் சோதித்தால், சர்க்கரையே இல்லை. கிளிசராலும் முட்டை வெண்கருப் புரதமும் இருந்தன. கண்ணாடித் தகட்டில் திசுவை ஒட்ட வைக்கும் கரைசலின் லேபிளும் இதன் லேபிளும் எங்கேயோ மாறிப்போயிருக்கின்றன. வேலை செய்தது கிளிசரால். செல்லுக்குள் நுழைந்து தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு, உருவாகும் ஐஸின் அளவைக் குறைத்துவிடுகிறது. உப்பும் அந்த அளவுக்கு ஏறாது. 1949-இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் உறைவிந்தில் முதல் கன்று பிறந்துவிட்டது. இன்று ஊட்டி, ஈச்சங்கோட்டை உறைவிந்து நிலையங்களில் நிரப்புகிற ஒவ்வொரு குச்சியிலும் கிளிசரால் இருக்கிறது.

இத்தனை பாதுகாப்பு கொடுத்தும் நல்ல விந்தில் ஏறக்குறைய பாதி அணுக்கள் உறைந்து உருகும் வழியில் போய்விடுகின்றன. குச்சிக்குள் 2 கோடி வைப்பது அதனால்தான்.

இப்போது ஆய்வாளர் சொன்னதற்கு வருகிறேன். மைனஸ் 196-இல் ஐஸ் பொடிப் பொடித் துகளாக, அசையாமல் இருக்கும். சுமார் மைனஸ் 130-ஐத் தாண்டி மேலே வந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாக ஆரம்பிக்கும். பெரிதான படிகம் செல்லைச் சிதைக்கும். நம் ஊர் வெயிலில் அந்த மெல்லிய குச்சி இவ்வளவு தூரம் சூடேற சில வினாடிகள் போதும். திரும்ப நைட்ரஜனில் போட்டாலும் கெட்டது கெட்டதுதான். குச்சியைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் எண் தேடித் தேடி, பாட்டியம்மாவின் மாட்டுக்கு மட்டுமா, அந்தக் குவளையில் இருந்த அத்தனை குச்சிகளுக்கும் கேடு செய்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. ஒரு பருவம் தவறினால் இருபத்தியொரு நாள் தீவனம் வீண், அந்த வீட்டுக்குப் பால் தள்ளிப்போகும். அடுத்த பருவத்தில் ஆய்வாளர் கையாலேயே போட வைத்தேன். சினை நின்றது.

மனிதர்கள் விஷயத்தில் இதை விட வலிக்கிற கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ஆம் தேதி, கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. செய்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். அவர் கருவை உடனே தாயின் கருப்பைக்குள் வைக்கவில்லை. கிளிசரால் மாதிரியே காப்பாற்றும் டைமீத்தைல் சல்பாக்சைடு என்ற காப்புத் திரவத்தோடு 53 நாள் உறைய வைத்திருந்து, பிறகு உருக்கி வைத்தார். முட்டை எடுக்க மருந்து கொடுத்த அந்த மாதத்தில் கருப்பை சரியாகத் தயாராகாது, அடுத்த சுழற்சிக்குக் காத்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். 1972-இல் எலிக் கருவும் 1973-இல் மாட்டுக் கருவும் உறைந்து மீண்டு குட்டியாகவும் கன்றாகவும் பிறந்தாயிற்று. ஆனாலும் மாநில அரசு போட்ட விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக விடவில்லை, சம்பந்தமில்லாத துறைக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-ஆம் தேதி அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். உறைந்த கருவிலிருந்து குழந்தை என்று உலகம் ஒத்துக்கொண்டது 1984-இல், ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தையைத்தான். 1986-இல் மும்பையில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க வைத்து, இந்தியாவில் முதல்வர் என்ற பெயர் வாங்கியவர் டி. சி. ஆனந்த குமார். அவரே முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, 1997-இல் "எனக்கு முன்னால் இவர்தான்" என்று எழுதி வெளியிட்டார். தன் கையில் இருந்த பட்டத்தைத் தானே எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்த அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்றைக்குக் கருவையும் முட்டையையும் பாதுகாக்கப் பெரும்பாலும் வேறு வழி. காப்புத் திரவத்தைக் கெட்டியாகச் சேர்த்து, மின்னல் வேகத்தில் குளிர்வித்தால் ஐஸே பிடிக்காது. பாகு முறுக்கேறிக் கண்ணாடி மாதிரி இறுகுமே, அப்படி இறுகிவிடும். சின்ன செல்லுக்கு இது அருமையாக ஒத்துவருகிறது.

உறுப்பு என்று வரும்போதுதான் திணறல். ஒரு சிறுநீரகத்தில் எத்தனையோ வகை செல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேகம். காப்புத் திரவம் உள்ளே போய்ச் சேரவே நேரமாகும், அளவு கூடினால் அதுவே நஞ்சு. அதையும் தாண்டிக் கண்ணாடியாக்கிவிட்டால், திரும்பச் சூடாக்குவது அதைவிடக் கஷ்டம். வெளிப்பக்கம் முதலில் சூடாகி, நடுப்பகுதி குளிராகவே இருந்தால் உறுப்பு விரிசல் விடும். மெதுவாகச் சூடாக்கினால் வழியில் ஐஸ் பிடித்துவிடும். அதனால்தான் தானமாகக் கொடுக்கும் இதயத்தை உறைய வைக்காமல் ஐஸ் பெட்டியில் குளிரவைத்து மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான்.

ஆனால் வட அமெரிக்காவில் ஒரு காட்டுத்தவளை வருடா வருடம் குளிர்காலத்தில் உறைந்துபோகிறது. உடம்புத் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐஸாகிவிடும். மூச்சு கிடையாது, இதயமும் துடிக்காது. தோலில் ஐஸ் தொட்டதுமே கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் கொட்டுகிறது. ஐஸ் செல்லுக்கு வெளியே மட்டும் பிடிக்கிறது. வசந்தம் வந்ததும் இதயம் தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். கிளிசரால் செய்யும் வேலையை அதன் உடம்பில் சர்க்கரை செய்கிறது.

2023-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தைக் கண்ணாடியாக்கி, 100 நாள் வரை வைத்திருந்து, மறுபடி எலிக்கே பொருத்தினார்கள். காப்புத் திரவத்தோடு நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை இரத்தக்குழாய்களுக்குள் செலுத்தி வைத்திருந்தார்கள். வெளியே ஒரு காந்தச் சுருளால் காந்தப்புலத்தை வேகமாக மாற்றினால் துகள்கள் சூடாகும். நாலு பக்கமும் நடுவிலும் ஒரே நேரத்தில் வெப்பம் பரவியது. சிறுநீரகங்கள் சிறுநீர் சுரந்தன. சொந்தச் சிறுநீரகம் இரண்டையும் எடுத்துவிட்ட எலிகளை அவை 30 நாள், சோதனை முடியும் வரை வாழவைத்தன. மனிதச் சிறுநீரகம் அதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிது. அந்த தூரம் இன்னும் பாக்கி.

அந்தக் காந்தச் சுருள் செய்யும் வேலையைத்தான் நம் மாட்டுக் கொட்டகையில் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் செய்கிறது. 37 டிகிரித் தண்ணீரில் குச்சியை அரை நிமிடம் வைக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டு உருக்கக் கூடாது, உள்ளங்கையில் தேய்த்தும் உருக்கக் கூடாது. அதெல்லாம் மெதுவான சூடு. கேட்டுக்கொண்டிருக்கிற விவசாயிகளுக்குச் சொல்கிறேன்: ஊசி போட வருகிறவருக்குக் காபி போட அடுப்பு பற்ற வைப்பீர்கள் இல்லையா, அப்போதே ஒரு சொம்பு தண்ணீரும் சுட வைத்துவிடுங்கள். அவர் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து பதம் பார்த்துக்கொள்வார். தெர்மாமீட்டர் கொண்டு வரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் மாடு, உங்கள் இருபத்தியொரு நாள்.

வணக்கம்.