ஒரு சுவர் கேட்கிறேன்

(புத்தகத் திருவிழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, வட்டாட்சியர் அவர்களே, கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மைக்செட் தம்பி, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்த வரிசைப்படிதான் படித்தேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். உடம்பைப் பேணச் சொல்கிற பழமொழி. ஓவிய வாத்தியாராகவே காலம் தள்ளிய எனக்கு மட்டும் அது எப்போதும் சுவரைப் பற்றிய பழமொழியாகத்தான் காதில் விழும். இன்றைய தலைப்பு 'படங்களுக்கு ஓர் அருங்காட்சியகம்'. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, டோக்கியோவில் அசையும் படங்களுக்கென்று இருக்கும் காட்சியகம். இரண்டு, அதே ஊரில் அசையாத படங்களுக்கு இருப்பது. மூன்று, இவையெல்லாம் பணத்துக்கு என்ன செய்கின்றன.

முதலாவது, டோக்கியோவின் மிடாகாவில் இருக்கும் ஜிப்ளி அருங்காட்சியகம். ஜிப்ளி என்பது ஜப்பானின் அனிமேஷன் படக் கம்பெனி. இனோகஷிரா பூங்காவின் ஓரத்தில் 2001 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். மனத்தில் வரைந்து கட்டியவர் அந்தக் கம்பெனியின் இயக்குநர் ஹயாவோ மியாசாகி. வாசலில் போய் நின்று டிக்கெட் கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி அடுத்த மாதத்துக்கான சீட்டுகளை விற்பார்கள், முன்பதிவு செய்தால்தான் உண்டு. பெரியவர்களுக்கு 1000 யென். உள்ளே போகும்போது நிஜமான ஃபிலிம் துண்டு ஒன்று கையில் தருவார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அவர்கள் படத்தின் காட்சி ஒன்று தெரியும். அதுதான் உள்ளே இருக்கும் குட்டித் திரையரங்குக்கு அனுமதி. அங்கே ஓடும் குறும்படங்கள் அந்தக் காட்சியகத்துக்காகவே எடுத்தவை. கடையில் டிஸ்க் வாங்கிப் பார்த்துவிட முடியாது.

'சேர்ந்து தொலைந்து போகலாம் வாருங்கள்' என்பது அவர்கள் வைத்திருக்கும் வாசகம். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று அம்புக்குறி கிடையாது. உள்ளே படம் எடுக்கவும் கூடாது. மூன்றாவது வரிசையில் போனை உயர்த்திப் பிடித்திருக்கும் நண்பரே, உங்களைச் சொல்லவில்லை, எடுங்கள்.

ஒரு வட்டத் தட்டு இருக்கிறது, அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டின் மேல் அவர்கள் படத்தில் வரும் டோட்டோரோ என்ற பூதத்தின் பொம்மைகள், துள்ளும் சிறுமிப் பொம்மைகள். ஒரே சிறுமியே பல பொம்மைகளாக. ஒன்றில் கால் தரையில், அடுத்ததில் குதிகால் மட்டும் எழும்பியிருக்கும், அதற்கடுத்ததில் உடம்பு காற்றில். தட்டு சுழன்றதும் எல்லாம் கலங்கி வெறும் வண்ணப் பட்டையாகிவிடும். அப்புறம் விளக்கு விட்டுவிட்டு மின்னும். அவ்வளவுதான், பொம்மை குதிக்க ஆரம்பித்துவிடும்! அனிமேஷன் என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் வருஷக்கணக்காக விளக்கியதை அந்தத் தட்டு ஒரு சுற்றில் சொல்லிவிட்டது. பக்கத்தில் ஓவியரின் அறை மாதிரி சில அறைகள். சுவர் முழுக்கக் கோட்டோவியங்கள், மேசையில் சீவிச் சீவிக் கட்டையாய்ப் போன பென்சில்கள்.

சிறப்புக் கண்காட்சிகளை ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறார்கள். ரஷ்யாவின் அனிமேஷன் இயக்குநர் யூரி நோர்ஸ்டைனுக்கு ஒரு கண்காட்சி, அமெரிக்காவின் அனிமேஷன் கம்பெனி பிக்ஸாருக்கு ஒன்று, களிமண் பொம்மைக்காரர்களான இங்கிலாந்தின் ஆர்ட்மேனுக்கு ஒன்று. போட்டிக் கம்பெனிக்குத் தன் வீட்டுச் சுவரைத் தருகிற மனசைக் கவனியுங்கள். 2017இல் வைத்த கண்காட்சிக்கு விஷயமே சாப்பாடுதான், படத்தில் வருகிறவர்கள் சாப்பிடுவதை எப்படி வரைகிறார்கள் என்று. மறு ஆண்டு வண்ணம் தீட்டும் வேலைக்கு ஒன்று. பெயர் தெரியாமல் போகிற அந்த வேலைக்காரர்களுக்கும் ஒரு சுவர் கிடைத்தது.

ஆகா, நகர்மன்றத் தலைவர் வந்துவிட்டார்கள். வாருங்கள் அம்மா. பொன்னாடையைப் போர்த்தி முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். தலைவர் அவர்கள் வருமுன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சுவர் இருந்தால்தான் சித்திரம்.

இரண்டாவது, சிஹிரோ கலை அருங்காட்சியகம். இங்கே 'டோட்டோ-சான்' படிக்காதவர்கள் யார்? கை தூக்குங்கள். பரவாயில்லை, பத்தாம் எண் ஸ்டாலில் நேஷனல் புக் டிரஸ்ட் பதிப்பு இருக்கிறது. ஜன்னலோரத்துச் சிறுமியின் கதை, ஜப்பானிய எழுத்தாளர் தன் பள்ளிப் பருவத்தைச் சொன்னது. எங்கள் வாசகர் வட்டத்தில் அதைச் சேர்ந்து படித்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "ஐயா, இந்தப் படம் போட்டவங்க டோட்டோ-சான் கூடப் படிச்சவங்களா?" ஏம்மா அப்படிக் கேட்கிறாய் என்றேன். "பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி போட்டிருக்காங்களே." பக்கத்தில் இருந்த பையன், "இல்ல, டோட்டோ-சானோட அக்கா" என்றான். இன்னொருவன், அவளே போட்டது என்றான். சண்டை வந்துவிட்டது. கடைசியில் என்னை நீதிபதியாக்கினார்கள்.

உண்மை என்ன தெரியுமா? படம் போட்ட சிஹிரோ இவாசாகி 1974இலேயே, 55 வயதில், இறந்துவிட்டார். புத்தகம் வந்தது 1981இல்! எழுதிய டெட்சுகோ குரோயநாகி, சிஹிரோ விட்டுப்போன ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தன் கதைக்குப் பொருந்துவதைத் தேடி எடுத்தார். நான் இதைச் சொன்னதும் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "அப்ப அந்தப் படமெல்லாம் அதுவரைக்கும் யார் வீட்டுல இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன். அந்தக் காலத்து ஜப்பானில் பதிப்பகத்துக்குப் படம் கொடுத்தால் அது போனதுதான். சிஹிரோ விடவில்லை. அச்சானதும் அசலைத் திருப்பிக் கொடு, ஓவியருக்கும் உரிமை உண்டு என்று போராடியவர். அதனால்தான் படங்கள் மிஞ்சின. 1977இல் அவர் வாழ்ந்து வரைந்த இடத்திலேயே காட்சியகம் எழுந்தது. படப்புத்தக ஓவியத்துக்கென்று உலகில் முதலில் வந்தது அதுதான் என்கிறார்கள். 1997இல் நாகானோ மலைப் பக்கத்தில், அசுமினோவில், இன்னொன்று. பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லை. படங்களைப் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும்படி வழக்கத்தைவிடத் தாழ்வாக மாட்டுகிறார்கள். சிஹிரோவைப் போலவே ஈரத் தாளில் நீர்வண்ணத்தைச் சொட்டிப் படரவிடும் பயிற்சிப் பட்டறையும் நடக்கிறது. நீர்வண்ணம் வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால் அசல்களை மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

நம்மிடம் ஆள் இல்லையா? அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமனை வரைந்த சங்கர் நம் கொங்குச் சீமையில் 1924இல் பிறந்தவர். 2020இல் மறைந்தார், 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கோபுலு, சில்பி, மணியம் எல்லோரையும் வாரப் பத்திரிகையில் பார்த்து வளர்ந்தோம். அந்த அசல்களில் எத்தனை இன்று பத்திரமாக இருக்கும்? அச்சு முடிந்ததும் கட்டோடு எடைக்குப் போனவை எத்தனை?

நகர்மன்றத் தலைவர் அம்மாவிடம் நேராகவே கேட்கிறேன். நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. கூடம் நன்றாக இருக்கிறது, ஓடு மட்டும் நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது. அதைக் கொடுங்கள். வெயில் படாத வடக்குச் சுவர் போதும். சுவர் இருந்தால்தானே அம்மா சித்திரம்? சிரிக்கிறீர்கள், சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். நிருபர் தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது செய்தியான பணக் கணக்கை அடுத்த ஆண்டு கூப்பிட்டால் பேசுகிறேன். வெளியே ஆறாம் எண் ஸ்டாலில் மனு வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். யார் வீட்டிலாவது பத்திரிகை ஓவியரின் அசல் படம் இருந்தால் பக்கத்திலுள்ள நோட்டில் விவரம் எழுதுங்கள். படத்தைத் தர வேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பேனாவை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அடுத்து பட்டிமன்றம், நடுவர் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.