தோணி எப்போது நிறைந்தது?

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணை அவர்களே, நித்திரை தூங்கும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"சுவிட்சர்லாந்து என்ற சின்ன நாட்டை உயர்த்தியது திறந்த கதவா, காத்த கதவா?" இதுதான் இன்றைய தலைப்பு. நான் திறந்த கதவுக்காகப் பேசுகிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணை முக்கியமாக மூன்று விஷயம் சொன்னார். இது சின்ன நாடு, பெரும்பகுதி மலை, குடியிருக்க இடம் குறைவு என்றார். சனத்தொகை 90 இலட்சத்தைத் தாண்டிவிட்டது, நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றார். அப்புறம், மண்டபமே கைதட்ட, "தோணி நிறைஞ்சு போச்சு, இனி ஒருவர் ஏறினாலும் எல்லாரும் தாழ வேண்டியதுதான்" என்றார்.

முதல் இரண்டும் உண்மை. நான் மறுக்க வரவில்லை. மூன்றாவதைத்தான் என்னால் விட முடியாது.

ஏனென்றால், அண்ணை சொன்ன தோணி இன்று கட்டியது இல்லை. 1942 ஆகஸ்ட் 30ஆம் திகதி, சூரிச் ஓர்லிக்கோனில் ஒரு கூட்டம். நீதிக்கும் பொலிசுக்கும் பொறுப்பாக இருந்த அமைச்சர் எடுவார்ட் ஃபொன் ஸ்டைகர் எழுந்து, இந்த நாட்டை இடமும் உணவும் குறைந்த ஒரு சின்ன உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டார். படகைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் ஹிட்லரிடம் இருந்து தப்பி வந்த யூதர்கள். அன்று இந்த நாட்டின் சனத்தொகை எவ்வளவு தெரியுமா? சுமார் 43 இலட்சம்! 43 இலட்சத்தில் நிறைந்துவிட்டதாகச் சொன்ன தோணி இன்று 90 இலட்சத்தோடு மிதக்கிறது. மிதப்பது மட்டுமா, உலகத்துப் பணக்கார நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்கிறது. அப்படியென்றால் அன்று ஏற்றாமல் விட்டவர்களுக்கு இடம் இருந்தது, நடுவர் அவர்களே. போர்க்காலத்தில் எல்லையில் வைத்து 20,000க்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதாக, பின்னாளில் இந்த நாடே அமைத்த பெர்ஜியே ஆணைக்குழு எழுதியது. 1995இல் அன்றைய கூட்டாட்சித் தலைவர் காஸ்பர் வில்லிகர் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். காத்த கதவு உயர்த்தியது என்றால், எதற்காக மன்னிப்பு?

அதே காலத்தில் கதவைத் திறந்தவர் ஒருவர் இருந்தார். சென்ட் காலன் மாநிலத்தின் பொலிஸ் தலைமை அதிகாரி, பவுல் குரூனிங்கர். 1938 ஆகஸ்டில் எல்லையை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. ஒஸ்ட்ரியாவில் இருந்து நடந்தே வந்த குடும்பங்கள் அவர் முன்னால் நிற்கின்றன. அவர் செய்தது சின்ன வேலை. வந்த திகதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, எல்லை மூடுவதற்கு முன்பே வந்ததாகத் தாளில் எழுதினார். ஒரு திகதி, ஒரு முத்திரை. அதில் பல நூறு உயிர் பிழைத்தது. 1939இல் வேலையை விட்டு நீக்கினார்கள். 1940இல் குற்றவாளி என்று தீர்ப்பு. ஓய்வூதியம் இல்லாமல், வறுமையில், 1972இல் செத்துப்போனார். 1995இல்தான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. இன்று சென்ட் காலனில் உதைபந்தாட்ட மைதானத்துக்கு அவர் பெயர். உத்தரவுப்படி அந்த எல்லையை மூடியவர்கள் யாருடைய பெயராவது இந்த மண்டபத்தில் ஒருவருக்குத் தெரியுமா?

சரி, செல்வத்துக்கு வருவோம். அண்ணை சொன்னது, இந்த நாடு கட்டுப்பாட்டினால் பணக்கார நாடானது என்று. இது ஒரு காலத்தில் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத நாடு. 1819இல் ஃப்ரிபூர்க் பக்கத்து ஏழைகள் கப்பலேறிப் பிரேசிலில் நோவா ஃப்ரிபூர்கோ என்று ஊர் வைத்தார்கள். வழியிலேயே நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். 1845இல் கிளாருஸ் மாநிலத்துக்காரர் அமெரிக்காவில் நியூ கிளாருஸ் என்ற ஊரைப் போட்டார்கள். 1855இல் ஆர்காவ் மாநிலத்து ரோட்றிஸ்ட், ஊர்ப் பணத்தைச் செலவழித்துத் தன் ஏழைகள் 305 பேரை ஒரே தடவையில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. வரவழைக்க இல்லை, ஐயாமாரே, தொலைத்துவிட! கிரவ்புண்டன் மலையூர்ப் பிள்ளைகள் வசந்தம் வந்ததும் ஜெர்மன் பண்ணைகளுக்கு மாடு மேய்க்க நடந்து போனார்கள். இன்றைக்கும் சுவிஸ் குடியுரிமை உள்ளவர்களில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் வாழ்கிறார்கள். நாட்டின் நாலு மொழிப் பகுதிகளுக்கு அடுத்ததாக வைத்து, அவர்களை "ஐந்தாவது சுவிட்சர்லாந்து" என்று இந்த நாடு செல்லமாக அழைக்கிறது. தன் பிள்ளை போனால் அது ஐந்தாவது சுவிட்சர்லாந்து. ஊரான் பிள்ளை வந்தால் மட்டும் தோணி நிறைந்துவிட்டதா?

இந்த நிலை மாறியது எப்போது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், போகிறவர்களைவிட வருகிறவர்கள் கூடிய பிறகு. 15 கிலோமீட்டர் கொத்தார்ட் ரயில் சுரங்கத்தைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர். அதற்கு வெகுகாலம் முன்பே கடிகாரத் தொழிலை ஜெனீவாவில் வளர்த்தவர்களில் பிரான்ஸில் இருந்து மதத்துக்காக ஓடிவந்த அகதிகள் ஏராளம். ஹென்றி நெஸ்லே பிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். சுவிஸ் கடிகாரத் தொழில் படுத்தபோது தூக்கி நிறுத்திய நிக்கோலாஸ் ஹயெக் பெய்ரூட்டில் பிறந்தவர். இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது பெரிய மனிதர்களின் கதை இல்லை.

நான் 1989இல் இலங்கையில் இருந்து வந்தேன். பேர்ண் மாநிலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். இங்கே இருக்கிற ஐயாமாரில் பாதிப்பேர் கழுவியவர்கள்தான். எனக்குப் பக்கத்தில் சட்டி தேய்த்தவர் ஒரு போர்த்துக்கீசர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "பருவத் தொழிலாளி" விசாவில் இருந்தார். இளையவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. வருஷத்தில் ஒன்பது மாதம் வேலை, மூன்று மாதம் கட்டாயம் ஊருக்குப் போகவேண்டும், திரும்பி வந்து மறுபடி ஒன்பது மாதம். மனைவி பிள்ளையைக் கொண்டுவரச் சட்டம் விடாது. 1934இல் வந்த அந்த ஏற்பாடு 2002 வரைக்கும் இருந்தது. எல்லையில் இந்தத் தொழிலாளரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைப் பரிசோதித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

ஒரு நாள் இரவு வேலை முடிந்ததும் அந்த மனிதர் ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றி, மேலே ஒரு பாண் துண்டை வைத்து, என் கையில் தந்து மாடியைக் காட்டினார். அவருக்கு அன்று முதலாளியோடு ஏதோ கணக்கு. நான் கூரைக்குக் கீழே இருந்த அறைக்கு ஏறினேன். கதவை இரண்டு தரம் தட்டி, நிறுத்தி, ஒரு தரம் தட்டவேண்டும். அப்படித்தான் சொல்லித் தந்தார். உள்ளே விளக்கு இல்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை. காலில் சப்பாத்து இல்லை, இரண்டு சோடி கம்பளிக் காலுறை. நடக்கிற சத்தம் கீழே கேட்கக்கூடாது என்பதற்காக. என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை கத்தவில்லை, நடுவர் அவர்களே. வாயைத் தன் கையால் தானே பொத்திக்கொண்டது. அதற்குப் பிறகு பல இரவு நான் சூப் கொண்டுபோயிருக்கிறேன். அது சிரிக்கும், ஆனால் சத்தம் வராது. அடுத்த வருஷம் அந்த மனிதர் வேலைக்குத் திரும்பி வரவில்லை. பிள்ளை என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அலுமாரிப் பிள்ளைகள்" என்று இந்த நாட்டில் அவர்களுக்குப் பெயரே உண்டு. ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இதைத்தான் நான் எதிரணியிடம் கேட்க வந்தேன். நீங்கள் புகழ்கிற காத்த கதவு யாரை வெளியே நிறுத்தியது? தொழிலாளியை நிறுத்தவில்லையே! வீதி போடவும், அணை கட்டவும், கோப்பை கழுவவும் ஆள் வந்துகொண்டேதான் இருந்தது. அந்தக் கதவு வெளியே நிறுத்தியது ஏழு வயதுப் பிள்ளையை. கை உள்ளே வரலாம், குடும்பம் வரக்கூடாது. உழைப்பு வரலாம், உரிமை வரக்கூடாது. 1965இல் வலே மாநிலத்து மட்மார்க் அணை வேலையில் பனிப்பாறை சரிந்து 88 பேர் புதைந்தார்கள். 56 பேர் இத்தாலியர். அவர்களுடைய குடில்கள் பனிப்பாறைக்கு நேர்கீழே போடப்பட்டிருந்தன. குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் 1972இல் விடுதலை. வழக்குச் செலவில் பாதியைச் செத்தவர்களின் உறவினர் கட்டவேண்டும் என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது.

அதற்கு இடையில் 1970 ஜூன் 7. வெளிநாட்டவரைப் பத்து வீதத்துக்குள் அடக்கவேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஷ்வார்ட்சன்பாக் கொண்டுவந்த பிரேரணைக்கு வாக்கெடுப்பு. வென்றிருந்தால் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை கட்டியிருக்க வேண்டும். 54 வீதம் வேண்டாம் என்றது. வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கு அடுத்த வருஷம்தான் வாக்குரிமை கிடைத்தது. அந்த 54 வீதத்தால்தான் இந்த நாடு நிமிர்ந்தது என்கிறேன்.

இனி அண்ணையின் பலமான வாதம். வாடகை. ஓம், அண்ணை, ஒரு வீடு பார்க்கப் போனால் படிக்கட்டு முழுக்க ஆள் நிற்கிறது. என் மகன் பதினொரு மாதம் தேடினான். ஆனால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 2023இல் இங்கே குடியேறியவர்களில் வெளியேறியவர்களைக் கழித்தால் ஒரு இலட்சத்தை ஒட்டி வரும். பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து, வேலைக்காக. அதற்கு வெளியே, அதே வருஷம் அகதிக் கோரிக்கை சுமார் 30,000. நம் ஆஸ்பத்திரிகளில் பத்து வைத்தியரில் நாலு பேர் வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்றவர்கள். தினமும் சுமார் நாலு இலட்சம் பேர் எல்லை கடந்து வேலைக்கு வந்து, மாலையில் திரும்பிப் போகிறார்கள். இவர்களை அழைப்பது கம்பனிகளும் ஆஸ்பத்திரிகளும்.

இப்போது சுவிஸ் மக்கள் கட்சி 2024 ஏப்ரலில் கையெழுத்துகளோடு ஒப்படைத்த "ஒரு கோடி சுவிட்சர்லாந்து வேண்டாம்" பிரேரணையை வாசித்துப் பாருங்கள். சனத்தொகை 95 இலட்சத்தைத் தாண்டினால் நடவடிக்கை. எதில்? பெயர் சொல்லி எழுதியிருப்பது அகதி விஷயமும் குடும்பத்தை அழைப்பதும். தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்களுக்கு, அதாவது எஃப் விசாக்காரருக்கு, நிரந்தர விசாவோ குடியுரிமையோ இல்லை என்றும் இருக்கிறது. கூட்டம் வருவது வேலைக்கு. பூட்டு முதலில் விழுவது அகதிக்கும் அவன் பிள்ளைக்கும். அலுமாரியை மறுபடி திறக்கிறார்கள்.

எஃப் விசா என்றால் என்ன என்று இந்த மண்டபத்துக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பதிவுத் தபால் மஞ்சள் துண்டைக் கண்டால் கை நடுங்கிய காலம் எல்லோருக்கும் இருந்தது. எங்கள் அப்பா செத்தபோது நான் போகமுடியவில்லை. ஓர் அதிகாரி என் தாளைப் பார்த்து, "உன் நாட்டில் இப்போது பிரச்சினை இல்லைதானே" என்றார். பத்திரிகைகள் எங்களைப் போதைவஸ்துக்காரர் என்று எழுதிய காலம் அது. 2000ஆம் ஆண்டில் அரசு மனம் வைத்து, 1992 முடிவதற்குள் வந்து காத்திருந்தவர்கள் இருக்கலாம் என்றது. அதில் நம்மவர் பெருந்தொகை. அந்தக் கதவு திறந்ததில் இந்த நாடு எதை இழந்தது? 2013இல் நம்மவர் இருவரைத் திருப்பி அனுப்பினார்கள், கொழும்பில் இறங்கியதும் பிடித்தார்கள். சுவிஸ் அதிகாரிகள் மற்றவர்களைத் திருப்பி அனுப்புவதை நிறுத்திவைத்து, அந்தக் கோப்புகளில் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டார்கள். திறந்தபோது யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டி வரவில்லை. மூடியபோதுதான் வந்தது.

மணி அடித்துவிட்டது, ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு இறங்குகிறேன். எதிரணித் தலைவரை எனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். 1989இல் நான் பேர்ண் ரயில் நிலையத்தில் ஒரு பையோடு நின்ற இரவு, யாரோ தந்த விலாசத்தைப் பிடித்து அவருடைய அறைக்குத்தான் போனேன். ஒரே அறை. ஆறு பேர் படுத்திருந்தார்கள், கால் வைக்க இடம் இல்லை. நான் வாசலிலேயே நின்றேன். அண்ணை எழுந்து, தன் பாயை இரண்டாக மடித்துச் சுவரோடு தள்ளிவிட்டு, "இடம் கிடக்கு, பையை வையும்" என்றார்.

நடுவர் அவர்களே, வணக்கம்.