கர்ப்பத்துல கிட்னி வீக்கம்: ஸ்கேன்ல எதைப் பார்க்கணும்?

வணக்கம். ஸ்கேன் ரிப்போர்ட்ல "வலது கிட்னியில் லேசான ஹைட்ரோநெஃப்ரோஸிஸ்"னு ஒரு வரி இருந்தா (மூத்திரம் தேங்கி கிட்னி வீங்குறதுக்குத்தான் அந்தப் பேரு), கிட்னி கெட்டுப்போச்சோன்னு பதறாதீங்க. கர்ப்பத்துல இது ரொம்ப சகஜம். புரோஜெஸ்டிரான்ங்கிற கர்ப்ப ஹார்மோன், கிட்னியில இருந்து மூத்திரப்பைக்குப் போற சிறுநீர்க்குழாயைத் தளர்த்திடும். வளர்ற கர்ப்பப்பை கொஞ்சம் வலது பக்கம் சாயுறதால, அந்தப் பக்கக் குழாய் இடுப்பெலும்பு விளிம்புல நசுங்கும். அதனாலதான் பெரும்பாலும் வலது பக்கம் வீங்குது.

நிறைய பேர் கிட்னி எத்தனை மில்லிமீட்டர் விரிஞ்சிருக்குன்னுதான் கேக்குறாங்க. குழாய் எது வரைக்கும் விரிஞ்சிருக்குன்னு கேளுங்க, அதுதான் முக்கியம். இடுப்பெலும்பு விளிம்போட நின்னுட்டா கர்ப்பத்தால வந்ததா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதுக்குக் கீழேயும் விரிஞ்சிருந்தா கல்லைத் தேடணும். மூத்திரப்பை பக்கத்துல சிக்கின கல் வயித்து ஸ்கேன்ல தப்பிடலாம், வஜைனல் ஸ்கேன்ல நல்லா தெரியும்.

அப்புறம் கலர் டாப்ளர், அதாவது ஓட்டத்தைக் கலர்ல காட்டுற ஸ்கேன். குழாய்ல இருந்து மூத்திரம் பைக்குள்ள பீச்சுறது தெரியுதான்னு பார்ப்பாங்க, அதுக்கு ஜெட்னு பேரு. இங்கதான் தப்பு நடக்குது. மல்லாந்து படுத்தா கர்ப்பப்பையே குழாயை அழுத்தி ஜெட்டை மறைச்சிடும், உடனே அடைப்புன்னு நினைச்சிடுவாங்க. தண்ணி குடிச்சிட்டு, வலிக்கு எதிர்ப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, சில நிமிஷம் பொறுமையா பார்க்கணும்.

மூத்திரத்துல கிருமி இருக்கான்னு பார்க்கிற சிறுநீர் கல்ச்சர் கட்டாயம். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பார்க்கிற கிரியேட்டினின் கர்ப்பத்துல இறங்கித்தான் இருக்கும், 0.4ல இருந்து 0.8 mg/dL வரைக்கும். அதனால 1.0 வந்து லேப் நார்மல்னு போட்டிருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

இதுலயும் பிடிபடலைன்னா காடோலினியம்ங்கிற ஊசி மருந்து போடாத எம்ஆர்ஐ. குறைஞ்ச டோஸ் சிடி கடைசிக்குத்தான். வலிக்கு பாரசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் நீங்களா போடாதீங்க, 20 வாரத்துக்கு மேல குழந்தையோட கிட்னியைப் பாதிச்சு பனிக்குட நீரைக் குறைச்சிடலாம்.

காய்ச்சலோட குளிர்நடுக்கம், விலா வலி, மூத்திரம் குறையுறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. அடைப்புக்குப் பின்னாடி கிருமி தேங்கிட்டா ஆன்டிபயாட்டிக் மட்டும் பத்தாது, ஸ்டென்ட்டோ (சிறுநீர்க்குழாய்க்குள்ள வைக்கிற மெல்லிசான டியூப்) முதுகு வழியா டியூபோ வச்சு வடிக்கணும். கர்ப்பத்துல ஸ்டென்ட்ல சீக்கிரம் கல் படியும், அதனால 4ல இருந்து 6 வாரத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்வாங்க, தள்ளிப் போடாதீங்க.

பிரசவத்துக்கு அப்புறம் 6ல இருந்து 12 வாரத்துல இன்னொரு ஸ்கேன் எடுங்க. அப்பவும் வீக்கம் வடியலைன்னா கர்ப்பத்தைக் காரணம் சொல்ல முடியாது, யூராலஜிஸ்ட்கிட்ட போகணும்.