குஞ்சு கிடைத்தது, தாய்மீன் என்னவாயிற்று?

நேயர்களுக்கு வணக்கம். நம் நாட்டுக் குளங்களில் பெரும்பாலும் வளர்ப்பது கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை மீன்கள். இந்த மூன்றுக்கும் ஒரு பிடிவாதம். குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. அதற்குப் புதுவெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் கங்கை போன்ற ஆறுகளில் வலை கட்டித்தான் குஞ்சு பிடித்தார்கள். கெண்டைக் குஞ்சோடு அதைத் தின்கிற மீனின் குஞ்சும் சேர்ந்தே வரும். அந்த வயதில் பிரித்தறிவது லேசில்லை.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் இதற்கு வழி பிறந்தது. மீன் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும் கெண்டைக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். முதிர்ந்த மீனின் மண்டையைத் திறந்து, மூளைக்கு அடியில் இருக்கும், முட்டையிடத் தூண்டும் ஹார்மோன் கொண்ட பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் பாதுகாத்து, அரைத்து, அந்தச் சாற்றைச் சினை மீனுக்குச் செலுத்துவார்கள். முதல் ஊசிக்குச் சுமார் ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது. ஆணுக்கு அப்போது ஒன்று போதும். ஹாப்பா என்ற துணித்தொட்டியில் ஜோடியை விட்டால் சில மணி நேரத்தில் முட்டை. மறுநாளே குஞ்சு! அந்த ஜூலை 10தான் தேசிய மீன் வளர்ப்போர் தினம். இப்போது சுரப்பி தேட வேண்டாம், ஆயத்த ஹார்மோன் மருந்து ஒரே ஊசியில் வேலையை முடித்துவிடும்.

அப்புறம் 1971இல் தொடங்கிய கூட்டு மீன் வளர்ப்பு ஆராய்ச்சித் திட்டம். மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால். கூடவே வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை. ஒரே குளத்தில் ஆளுக்கொரு தீனி, சண்டையில்லை.

இவ்வளவு வந்தும் பண்ணையாளர்கள் ஒருவர் விடாமல் சொல்கிற புகார், "குஞ்சு வாங்கினேன், வளரவே இல்லை." தீவனத்தையும் தண்ணீரையும்தான் குறை சொல்வார்கள். என் சந்தேகம் தாய்மீன் மேல். ஊசி கைக்கு வந்ததும், குஞ்சு பொரித்து விற்கும் பொரிப்பகங்கள் தங்கள் குளத்து மீனையே தலைமுறை தலைமுறையாக இனச்சேர்க்கை செய்தன. அண்ணன் தங்கையே ஜோடி சேர்ந்தால் வளர்ச்சி குறையத்தானே செய்யும்?

புவனேஸ்வரை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் இதற்கு நேர்மாறாக வேலை செய்தது. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி என்று வெவ்வேறு ஆற்று ரோகுகளைச் சேர்த்து, நார்வே விஞ்ஞானிகளின் உதவியோடு தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997இல் வெளிவந்த அந்த ரகம் ஜெயந்தி ரோகு. தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் கூடுதல் வளர்ச்சி. ஊசியைவிடப் பெரிய வேலை இதுதான் என்பேன், பத்திரிகையில் அவ்வளவாகப் பேசப்படாவிட்டாலும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? குஞ்சு வாங்கப் போகும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். தாய்மீன் எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ஆணும் பெண்ணும் ஒரே இடத்து மீனா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த பொரிப்பகத்தை விசாரியுங்கள். வணக்கம்.