பீல் வீட்டுக் கைத்தொழில்

வணக்கம். பிள்ளைக்கு ரஃபேல் என்று பழைய ஐரோப்பிய ஓவிய மேதையின் பெயரை வைப்பது ஓர் ஆசை, புரிகிறது. அடுத்தவனுக்கு ரெம்பிராண்ட், அதற்கடுத்தவனுக்கு டிஷியன், பிறகு ரூபன்ஸ் என்று மேதைகளின் பெயராகவே வைத்துக்கொண்டே போனால் அந்த அப்பாவைப் பற்றி நமக்கே கொஞ்சம் கவலை வரும். பெண் பிள்ளைகளையும் அவர் விடவில்லை. தேடிப் பிடித்து, பெண் ஓவியர்களின் பெயர்களாக ஆஞ்செலிகா காஃப்மன், சோஃபோனிஸ்பா ஆங்குவிஸோலா என்று வைத்தார். இதில் இன்னொரு கூத்து, 1798-ல் டிஷியன் இளவயதில் இறந்துபோனான், மறுவருடம் பிறந்த தம்பிக்கும் அதே டிஷியன் என்று பெயர்.

அந்த அப்பா சார்ல்ஸ் வில்சன் பீல் என்ற அமெரிக்க ஓவியர், 1741-ல் மேரிலாந்தில் பிறந்தவர். படித்த தொழில் குதிரைக்குச் சேணம் தைப்பது. ஜான் ஹெஸ்ஸீலியஸ் என்ற ஓவியரிடம் போய், நான் ஒரு சேணம் தருகிறேன், நீங்கள் எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுங்கள் என்று பண்டமாற்றாகக் கற்றுக்கொண்டார். இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் இன்றைக்குச் சொல்ல வந்தது முழுக்க இந்தச் சேணத்தில்தான் தொடங்குகிறது. ஓவியம் என்பது யாரோ சிலருக்கு மட்டும் வாய்க்கிற வரம் என்று அந்த மனிதர் நினைக்கவே இல்லை. தோலை வெட்டித் தைக்கக் கற்கலாமென்றால் முகத்தை வரையவும் கற்கலாம். அப்புறம் லண்டனுக்குப் போய் ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட்டிடம் இரண்டு வருடம், திரும்பி வந்து தம்பி ஜேம்ஸுக்குத் தானே ஆசிரியர், 1776-ல் பிலடெல்பியாவில் குடியேற்றம், அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையோடு பிரின்ஸ்டன் சண்டை வரை. இதெல்லாம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இருக்கிறது, நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

1795-ல் வாஷிங்டன் படத்துக்கு உட்கார்ந்தது ரெம்பிராண்டுக்காக. பையனுக்கு வயது 17. கை நடுங்குமே என்று அப்பாவும் கூட உட்கார்ந்து வரைந்தார். சித்தப்பா ஜேம்ஸும் வந்துவிட்டார், அண்ணன் ரஃபேலும் ஒரு மூலையில் பென்சிலோடு. ஒரே முகம், சுற்றிலும் நான்கு பீல்கள். அந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் 'தோல் உரி' என்கிற ஓசை இருக்கிறதல்லவா, போட்டி ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட், ஐயோ பாவம், ஜனாதிபதியைச் சுற்றி நின்று உரிக்கிறார்கள் என்று கிண்டலடித்தாராம். ரெம்பிராண்ட் அந்த முகத்தை வைத்தே பல வருடம் பிழைத்தார். கல்வளையத்துக்குள்ளிருந்து வாஷிங்டன் எட்டிப் பார்ப்பதுபோல் 1824-ல் ஒரு படம் தீட்டி, பிறகு அதையே கேட்டவர்களுக்கெல்லாம் எழுபதுக்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டுக் கொடுத்தார். நானாக இருந்தால் பத்தாவது பிரதியில் தூரிகையை வீசியிருப்பேன்.

எனக்குப் பிடித்தவர் மூத்தவர் ரஃபேல். ஒரு தட்டில் நாலு பழம், ஒரு ரொட்டித் துண்டு, ஒரு கண்ணாடிக் கோப்பை, இவ்வளவுதான் அவர் உலகம். அன்றைக்கு அதற்கு மதிப்பு இல்லை, முகம் வரைந்தால்தான் காசு. அப்பாவும் முகத்தை வரை, முகத்தை வரை என்று கடைசிவரை நச்சரித்தார். ஏறத்தாழ 1822-ல் அவர் தீட்டிய ஒரு படம் கான்சாஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: நாடாவில் ஒரு வெள்ளைத் துணி குண்டூசியால் குத்தித் தொங்குகிறது, மேலே ஒரு கையும் கூந்தலும், கீழே ஒரு பாதம். பின்னால் குளித்து எழும் பெண் ஒருத்தி. துணியை விலக்கிப் பார்க்கலாம் என்று கை போகும், ஆனால் துணியே ஓவியம்தான். காதல் தேவதை வீனஸைக் காட்டுகிறேன் என்று சொல்லி சலவைத் துணியைக் காட்டிய குறும்பு! குடியும் கீல்வாதமுமாக 1825-ல், 51 வயதில் போய்ச் சேர்ந்தார். அப்பா அவருக்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார்.

ரூபன்ஸுக்குக் கண் சரியில்லை. அண்ணன் ரெம்பிராண்ட் 1801-ல் தீட்டிய படத்தில் மூக்கில் ஒரு கண்ணாடி, கையில் இன்னொன்று, பக்கத்தில் ஜெரேனியச் செடி. இவனால் வரைய முடியாது என்று அருங்காட்சியக நிர்வாகத்துக்கு விட்டார்கள். 71 வயதில் அவர் தூரிகை எடுத்தார், சொல்லிக்கொடுத்தது அவருடைய மகள் மேரி ஜேன். மகளிடம் அப்பா பாடம் கேட்டது அந்த வீட்டில் யாருக்கும் விநோதமாகத் தோன்றியிருக்காது. சித்தப்பா ஜேம்ஸின் மகள்கள் அன்னாவும் சாரா மிரியமும் 1824-லேயே பென்சில்வேனியா நுண்கலை அகாதெமியில் உறுப்பினர்கள், அந்த இடத்துக்கு வந்த முதல் பெண்கள். சாரா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால்டிமோரில் இருபது வருடத்துக்கு மேல், பிறகு செயின்ட் லூயிஸில் முப்பது வருடம், தன் தூரிகையில்தான் சாப்பிட்டார்.

சரி, யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்ற வீடு. அந்த வீட்டில் இன்னொரு பையனும் வளர்ந்தான். மோசஸ் வில்லியம்ஸ். பீல் குடும்பத்தின் அடிமை.

1786-ல் பீல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருந்தார். 1801-ல் நியூயார்க் மாநிலத்தில் சேற்றுக்குழியிலிருந்து மாஸ்டோடான் என்ற பழங்கால யானையின எலும்புகளைத் தோண்டி எடுத்து, கோத்து நிறுத்திக் காட்டினார். அந்த எலும்புக்கூட்டுக்குப் பெரிய கதை உண்டு, இப்போது ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் நிற்கிறது. மோசஸ் அந்த அருங்காட்சியகத்தில் இறந்த விலங்குகளைப் பதப்படுத்துவது, காட்சிக்கு வைப்பது எல்லாம் செய்தார். ரஃபேலுக்கும் ரெம்பிராண்டுக்கும் கிடைத்த வண்ணமும் தூரிகையும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1802-ல் முகத்தின் ஓரக்கோட்டை எடுக்கிற ஒரு கருவி வந்தது, அதைத்தான் அவரிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய அதே சமயம், 27 வயதில், விடுதலையும் கிடைத்தது.

வேலை எப்படியென்றால், தாளை மடித்து வைத்து, கருவி இழுக்கும் கோட்டின் மேல் கத்தரிக்கோலை ஓட்டி, நடுவிலுள்ள தலையை வெட்டி எடுத்துவிட வேண்டும். மிஞ்சிய வெள்ளைத் தாளைக் கறுப்புத் துணியிலோ தாளிலோ ஒட்டினால் ஓட்டைதான் முகம். முதல் வருடத்திலேயே எட்டாயிரத்துக்கும் மேல் வெட்டினார். அந்தக் காசில் வீடு வாங்கினார், பீல் வீட்டில் சமையல் செய்த வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வெட்டிய தாள்களில் அவர் பெயர் இருக்காது, 'மியூசியம்' என்ற முத்திரைதான் இருக்கும்.

ஒரே ஒரு தாள் பிலடெல்பியாவில் லைப்ரரி கம்பெனி என்ற பழைய நூலகத்தில் இருக்கிறது. ஒரு ஆணின் பக்கவாட்டு முகம், அதன்கீழே 'மோசஸ் வில்லியம்ஸ், நிழலுருவம் வெட்டுபவர்' என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். வெகுகாலம் அதை ரஃபேல் வெட்டியது என்றே குறித்துவந்தார்கள். அவரே தன்னை வெட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்று இப்போது வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டாயிரம் முகம் வெட்டிய கைக்குத் தன் முகத்தை வெட்ட ஒரு நிமிஷம் போதுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.