நான் காப்பெட் றோட்டில்தான் வந்தேன், நடுவர் அவர்களே!

(2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் புதுக்குடியிருப்பில் நடந்த பட்டிமன்றத்தில் பேசியது)

சபைக்கு வணக்கம். நடுவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம், தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது. மற்ற வணக்கங்களை முன்னே பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள், நானும் சொல்லத் தொடங்கினால் அதற்குள்ளேயே மணி அடித்துவிடும்.

பட்டிமன்றத் தலைப்பு உங்களுக்குத் தெரியும். "தேர்தல் மேடையில் ஆட்சியின் குறைகளைப் பேசுவது நாட்டுக்கு நன்மையா, வீண் பேச்சா?" நான் நன்மை என்ற அணி. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். எங்கள் வீட்டு மதிலில் மூன்று பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்குள்ளே மின்சாரப் பில்லைப் பார்த்த ஒருவரும் சிரிக்கவில்லை.

நிறையக் குறித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிரணித் தங்கச்சி போகிற போக்கில் ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அதைப் பொறுக்கி எடுக்காமல் மேலே போக என்னால் முடியாது. என்ன சொன்னார்? "குறை சொல்கிற மாஸ்டர் விசுவமடுவில் இருந்து எதில் வந்தவர்? மோட்டார் சைக்கிளில். எந்த றோட்டில்? அரசாங்கம் தார் போட்டு வழவழப்பாக்கின காப்பெட் றோட்டில். அவ்வளவு ரோசம் இருந்தால் புதுக்குடியிருப்பு வரைக்கும் வயல் வரம்பால் நடந்து வந்திருக்கலாமே!" எல்லாரும் கை தட்டினீர்கள். பின்வரிசையில் விசில் அடித்த தம்பியையும் பார்த்துவிட்டேன். என்னிடம் படித்தவன்தான், நாளைக்குக் கவனிக்கிறேன்.

தங்கச்சி, நான் காப்பெட் றோட்டில்தான் வந்தேன். பரந்தன் முல்லைத்தீவு வீதி. நல்ல றோட், ஒரு குலுக்கம் இல்லை. அந்த றோட்டில் ஏறுவதற்கு முதல் எதால் வந்தேன் என்று கேட்டீர்களா? என் வீட்டுப் படலையில் இருந்து பெரிய வீதிக்கு ஓர் ஒழுங்கை இருக்கிறது. அந்த ஒழுங்கைக்கு நடுவே ஒரு வாய்க்கால். மாரி தொடங்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். ஒரு மதகு வேண்டும். சின்ன மதகு. எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

ஒரு தேர்தல் வந்தது. ஒரு பெரிய மனிதர் வந்தார். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் அவருடைய ஆட்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். பந்தல், வாழை, நிறைகுடம், பள்ளிக்கூடப் பாண்ட் வாத்தியம் எல்லாம் தயார். ஒன்பதரைக்கு என்றவர் ஒன்றரைக்கு வந்தார். அடிக்கல்லைத் திறந்தார்கள். கறுப்புக் கல், தங்க எழுத்து. அவருடைய பெயர் முழ நீளம். "மதகு" என்ற சொல்லைத் தேடிக் கண்ணாடி போட வேண்டி இருந்தது. நாட்டினார். வடை சாப்பிட்டார். போனார். கல் இருந்தது. மதகு வரவில்லை.

அடுத்த தேர்தல். வேறு கட்சி, வேறு மனிதர், அதே வாய்க்கால். பழைய கல்லைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. "அது அவையின்ரை. நாங்கள் புதுசா வைப்பம்" என்று வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இரண்டாவது கல்லை நாட்டினார். மதகு வரவில்லை.

மூன்றாவது தேர்தலில் என்ன நடந்தது தெரியுமா? அந்த இரண்டு பேரும் ஒரே கட்சி! ஒன்றாக ஒரே வாகனத்தில் வந்து இறங்கினார்கள். மூன்றாவது கல். இரண்டு பேருடைய பெயரும் ஒரே கல்லில், தோளோடு தோள் உரசிக்கொண்டு. மதகு? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அப்பு இருக்கிறார். கமக்காரர், பேச்சுக் குறைவு. ஒரு மாரிக்கு முதல் அலவாங்கோடு வந்தார். மூன்று கல்லையும் கிளப்பினார். வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு பனங்குற்றியைப் போட்டு, அதற்கு மேலே மூன்று கல்லையும் பக்கம் பக்கமாகப் பரவினார். மதகு வந்துவிட்டது! நான் பயந்துபோய்க் கேட்டேன், "அப்பு, பெரிய ஆக்கள் நாட்டின கல்லைக் கிளப்பலாமோ?" அப்பு சொன்னார், "தம்பி, மதகுக்கெண்டு வைச்ச கல்லுத்தானே? மதகிலதான் வைச்சிருக்கிறன்."

பின்னால் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பில் கேட்கவில்லையாம். திரும்பச் சொல்கிறேன், நடுவர் மணியில் கை வைக்க வேண்டாம். "மதகுக்கெண்டு வைச்ச கல்லுத்தானே? மதகிலதான் வைச்சிருக்கிறன்!"

கதை முடியவில்லை. இந்தமுறை வாக்குக் கேட்டு ஒரு கூட்டம் வந்தது. முன்னுக்கு வந்தவர் வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. கல்லில் காலை வைத்தார், குனிந்து பார்த்தார். செருப்புக்குக் கீழே தன்னுடைய தலைவரின் பெயர்! காலைத் தூக்கி அடுத்த கல்லில் வைத்தார். அங்கே இப்போது அவர்களோடு கூட்டு வைத்திருக்கிறவரின் பெயர். மூன்றாவதைப் பார்த்தார், அதில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். மனிதர் ஒற்றைக் காலில் நிற்கிறார். முன்னுக்கும் போக வழியில்லை, பின்னுக்கும் வர வழியில்லை. கடைசியில் வாய்க்காலுக்குள்ளே குதித்துவிட்டார், புதுச் செருப்போடு. அப்பு கரையில் நின்று சொல்கிறார், "பயப்பிடாமல் மிதியுங்கோ தம்பி, நல்ல பலமான கல்லு. உங்கடை ஆக்கள் எங்களுக்குச் செய்த ஒரே உதவி அதுதான்."

இப்போது சொல்லுங்கள் தங்கச்சி, நான் எதால் வந்தேன்? அந்தக் கல்லுகளுக்கு மேலால்தான் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் உங்கள் காப்பெட் றோட். அது யாருடைய றோட்? ஒருவரும் தன் வீட்டுக் காணியை விற்றுப் போடவில்லை. வரி யாருடையது, கடன் யாருடைய தலையில்? நானும் கட்டுகிறேன், நீங்களும் கட்டுகிறீர்கள். எங்கள் காசில் போட்ட றோட்டில் வந்ததற்கு நான் வாயைக் கட்ட வேண்டுமாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். விற்கிறவன் "பல்லைப் பார்க்காதே, கொம்புக்குப் பூசின வர்ணத்தைப் பார்" என்றால் வாங்குவீர்களா? எதிரணி இவ்வளவு நேரமும் வர்ணத்தைத்தான் காட்டியது.

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். கேட்டால் இயற்கை விவசாயமாம். எருவுக்கும் பசளைக்கும் நான் எதிரி இல்லை, என் வீட்டிலும் மாடு நிற்கிறது. ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிறவனிடமோ, முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிறவனிடமோ ஒரு வார்த்தை கேட்டார்களா? மாரி விதைப்பான காலபோகத்தில் பயிர் மஞ்சள் பூத்து நின்றது. யூரியாவுக்குப் பதிலாக இந்தியாவில் இருந்து விமானத்தில் திரவம் வந்தது, நனோ நைதரசன் என்று பெயர். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் நாட்டில் டொலர் தீர்ந்துகொண்டிருந்தது. பிறகு கள்ளச் சந்தையில் ஒரு மூட்டை யூரியா என்ன விலைக்குப் போனது என்று இங்கே இருக்கிற கமக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காப்பை அடகு வைத்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், மீட்காதவர்களும் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு சீனாவில் இருந்து சேதன உரம் என்கிற இயற்கை உரம் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. உரத்தில் கூடாத பக்டீரியா இருக்கிறது என்று எங்கள் ஆய்வுகூடம் சொன்னது. கப்பல் கடலில் சுற்றிக்கொண்டு நின்றது. ஒரு மூட்டை கூட இறங்கவில்லை. ஆனால் கடைசியில் சுமார் 67 லட்சம் டொலர் கொடுத்தோம்! இறக்காத உரத்துக்குக் காசு கிடைத்தது. நெல்லை இறக்கிக் கொடுத்துவிட்டு எத்தனை போகத்தில் காசுக்கு நடையாய் நடந்திருக்கிறோம்? அந்தக் கப்பல்காரனை எங்கள் கமக்காரர் அமைப்புக்குத் தலைவராகப் போட்டிருக்க வேண்டும்.

தங்கச்சி இன்னொன்றும் சொன்னார். 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்தோம், இப்போது வரிசை இல்லை, அதற்கு நன்றி சொல்லப் பழகுங்கள் என்றார். நன்றி. சொல்லிவிட்டேன். வரிசை இல்லாமல் போனது உண்மைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபா விற்ற மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபா ஆனது. முல்லைத்தீவில் மண்ணெண்ணெயில் ஓடுகிற படகு கரையில் ஏறிக் கிடந்தால் அங்கே வரிசை எப்படி வரும்? பொருள் வாங்கினால் கட்டுகிற வற் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதம். வாங்க வழியில்லாதவன் வரிசையில் நிற்க மாட்டான்.

"பழசைக் கிளறாதீர்கள்" என்றார்கள். நான் கிளறவில்லை, உயர் நீதிமன்றமே கிளறிவிட்டது. பொருளாதாரத்தை விழுத்தியவர்கள், முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச உட்பட, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் சொல்லலாம், வாசிகசாலை மேடையில் மாஸ்டர் சொல்லக் கூடாதா?

குறை சொல்லத் தேர்தல் காலம்தானா கிடைத்தது என்றும் கேட்டார்கள். வேறு எந்தக் காலத்தில் சொல்வது? வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, இன்று வரை தேர்தல் இல்லை. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச்சில் நடக்க வேண்டியது, காசில்லை என்றார்கள். அது எங்கள் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. பிரதேச சபையில் கேட்கலாம் என்றால் சபை இல்லை. மாகாண சபையில் கேட்கலாம் என்றால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் நாங்கள்தான் அரச அலுவலகமான கச்சேரியின் படி ஏறுகிறோம். இந்த ஒரு மாதம்தான் அவர்கள் எங்கள் படலைக்கு வருகிறார்கள். வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "தலைவர் சுகமோ?" என்று மட்டும் கேட்டு அனுப்பவா?

மணி அடித்துவிட்டார். ஐயா, றோட்டைப் பற்றித்தான் பேசினேன், அந்த றோட்டிலேயே இன்னும் கொஞ்சத் தூரம் போய்விட்டு இறங்குகிறேன்.

தங்கச்சி புகழ்ந்த காப்பெட் றோட் இங்கே முடியவில்லை. முல்லைத்தீவுக்குப் போனால் நந்திக்கடலில் வட்டுவாகல் பாலம் வரும். ஒடுங்கின பாலம், கரை உடைந்தது, எதிரே வாகனம் வந்தால் நின்று வழிவிட வேண்டும், மழைக்கு மேலால் தண்ணீர் பாயும். யுத்தம் முடிந்து 15 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பாலத்தால் எத்தனை அமைச்சர்கள் போய் வந்திருப்பார்கள்!

யுத்தத்தின் கடைசி நாட்களில், 2009 மே மாதம், அந்தப் பாலத்தால் வந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். நான் விவரிக்கத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருக்கிறார். அங்கேதான் மகனைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். "விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்றார்களாம். அந்த அம்மாவிடம் ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கிறது. 2010இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னதன் பிரதி அதில் இருக்கிறது. 2013இல் காணாமல் போனோருக்கென்று வந்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் துண்டு இருக்கிறது. 2018இல் வேலை தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகத்தின் கடிதம் இருக்கிறது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் சரியாக எடுத்துத் தருவார், மடிப்பைப் பார்த்தே அடையாளம் தெரியும். எல்லாக் கடதாசியிலும் ஒரே படம், அடையாள அட்டைக்கு எடுத்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது மீசை கூடச் சரியாக அரும்பவில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 காணாமல் போனோரின் உறவுகள் தொடங்கின போராட்டத்துக்கு அவரும் போனார். ஆட்சிகள் மாறின, ஆட்களும் மாறினார்கள். அவரோடு இருந்த தாய்மார் பலர் பிள்ளையைக் காணாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் யாரோ ஒருவர் வந்து பக்கத்தில் இருந்து படம் எடுத்துக்கொண்டு போவார். இந்தமுறையும் வந்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையைத் தூக்கி வந்தவருடைய மடியில் வைத்தார். "தம்பி, இதில உள்ளதுக்குப் பதிலைச் சொல்லுங்கோ. பிறகு வோட்டைப் பற்றிக் கதைப்பம்."

தங்கச்சி, நீங்கள் கெட்டிக்காரி, நல்லாய்ப் பேசுகிறீர்கள். நாளைக்கு அந்தக் காப்பெட் றோட்டால் விசுவமடுவுக்கு வாருங்கள். ஒழுங்கை முகப்பில் நான் நிற்பேன், அப்புவின் கல்லில் பார்த்துக் கால் வையுங்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, "அம்மா, பழைய கதையை விடுங்கோ, தேர்தல் நேரத்தில குறை சொல்லக் கூடாது" என்று ஒருதரம் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடிந்தால், நடுவர் ஐயா தீர்ப்பை எதிரணிக்கே எழுதட்டும், நான் கை தட்டுகிறேன். நன்றி, வணக்கம்.